பெட்ரோல் காசு மட்டும் போதாது

மருந்துக் கம்பெனி ரெப், ஃபைனான்ஸ் கம்பெனியின் வசூல் ஊழியர், மளிகைக் கடைகளில் ஆர்டர் எடுக்கும் விற்பனையாளர், வீடு வீடாகச் சென்று ஏ.சி. பழுது பார்ப்பவர் என்று சொந்த பைக்கை வைத்து நிறுவனத்தின் வேலையைச் செய்பவர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். வேலை விளம்பரத்திலேயே ‘டூவீலரும் லைசென்ஸும் அவசியம்’ என்று போட்டுவிடுவது வழக்கம். வேலையில் சேர்ந்த பிறகு, ஓடிய தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பில் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகையைப் பல நிறுவனங்கள் பெட்ரோல் விலையை மட்டும் பார்த்தே முடிவு செய்கின்றன. இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு. வண்டி ஓடும்போது பெட்ரோலோடு வண்டியும் சேர்ந்தே தீர்கிறது. அந்தத் தேய்மானத்தை நிறுவனம் ஏற்காவிட்டால், ஊழியர் தன் சேமிப்பிலிருந்து முதலாளியின் தொழிலுக்கு மூலதனம் போடுகிறார் என்றுதான் பொருள்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1 லட்சம் ரூபாய்க்கு ஒரு 110 சிசி பைக். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓடினால் ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர், ஐந்து ஆண்டில் 1,20,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் ஆகிறது. பெரும்பாலும் கணக்கு இத்தோடு நின்றுவிடுகிறது. 1,20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை விற்றால் 28,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்தால், மதிப்பில் கரைந்த 72,000 ரூபாய் கிலோமீட்டருக்கு 60 பைசா. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 450 ரூபாய்க்கு இன்ஜின் ஆயில் மாற்றினால் 15 பைசா. இரண்டு டயருக்கும் சேர்த்து 4,000 ரூபாய், அவை 25,000 கிலோமீட்டர் தாங்கும் என்றால் 16 பைசா. 1,600 ரூபாய் செயின் ஸ்ப்ராக்கெட் செட் 20,000 கிலோமீட்டர் வந்தால் 8 பைசா. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள், சர்வீஸ் கூலி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 7,200 ரூபாய் என்றால் 30 பைசா. இன்சூரன்ஸுக்கு 8 பைசா, வண்டிக் கடனின் வட்டிக்கு 13 பைசா. பெட்ரோல் நீங்கலாகவே 1 ரூபாய் 50 பைசா வந்துவிட்டது. மொத்தம் 3 ரூபாய் 50 பைசா. நிறுவனம் 2 ரூபாய் 50 பைசா கொடுத்தால் பெட்ரோலுக்கு மேல் 50 பைசா மிஞ்சுவதுபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 ரூபாய் கைநஷ்டம். ஐந்து ஆண்டில் அது 1,20,000 ரூபாய். பழைய வண்டி ஓய்ந்து புதிய வண்டி வாங்க வேண்டிய நாளில், அதை வாங்கியிருக்க வேண்டிய பணம் ஏற்கெனவே சாலையில் கரைந்து போயிருக்கும்.

உடலுக்கு வரும் ஆபத்து இந்தக் கணக்கில் சேரவே இல்லை. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. வண்டி உரிமையாளருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018-ல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது நல்ல விஷயம்தான். ஆனால் அது மரணத்துக்கும் உறுப்பிழப்பு, நிரந்தர முடக்கம் போன்றவற்றுக்கும் உரியது. கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்திருப்பவருக்கு அதிலிருந்து எதுவும் வராது. நாள் முழுக்கச் சாலையில் ஓடச் சொல்லும் நிறுவனம், அந்த ஓட்டத்தின் ஆபத்துக்கும் பங்கேற்க வேண்டும்.

‘வண்டி அவருடையதுதானே, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்கும் அதில்தானே போகிறார்?’ என்று கேட்கலாம். போகிறார்தான். அந்தத் தூரத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை. டயரும் செயினும் ஓடிய தூரத்தைப் பொறுத்துத் தேய்பவை. பழைய வண்டி வாங்குபவரும் முதலில் ஓடோமீட்டரைத்தான் பார்க்கிறார். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் பத்து ஆண்டு உழைக்கக்கூடிய வண்டி, கம்பெனி வேலையால் ஐந்தே ஆண்டில் தளர்ந்துவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலையை அந்த வேலையின் பலனை அனுபவிப்பவர் தருவதே முறை.

நிர்வாகிகள் சொல்லும் இன்னொரு கவலை, கூடுதலாக ரேட் கொடுத்தால் பொய்க் கிலோமீட்டர் எழுதுவார்கள் என்பது. இது கற்பனையான கவலை இல்லை. ஆனால் நியாயமான ரேட் கிடைக்காத இடத்தில்தான் தூரத்தைக் கூட்டி எழுதும் ஆசைக்கு வலு அதிகம். 80-ஐ 110 என்று எழுதினால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலையை உருவாக்கிவிட்டு, எழுதியவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது அறமாகாது. ரேட்டைச் சரியாக வைத்து, தூரத்தைக் கண்டிப்பாகச் சரிபார்க்கலாம். தேதி, போன இடம், கிளம்பியபோதும் திரும்பியபோதும் ஓடோமீட்டர் காட்டிய எண், போன வேலை ஆகியவற்றை எழுதிய லாக் புத்தகமும், ஊர்களுக்கிடையே முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தூரப் பட்டியலும் இதற்குப் போதும்.

‘சம்பளத்திலேயே எல்லாம் அடக்கம்’ என்ற பதில் இவற்றை விடப் பலவீனமானது. சம்பளம் உழைப்புக்கு, படி செலவுக்கு. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், வேலையின் தன்மையால் ஏற்படும் சிறப்புச் செலவை ஈடுகட்டத் தரும் தொகையை ஊதியம் என்ற வரையறையிலிருந்து விலக்கியே வைக்கிறது. வருமான வரியிலும் இந்த வேறுபாடு உண்டு. அலுவலகக் கடமைக்காகப் பயணம் செய்யத் தரப்படும் படிக்கு, உண்மையில் செலவான அளவுக்கு வரிவிலக்கு கிடைக்கும். அதே பணம் சம்பளமாக வந்தால் வரிக்கு உட்படும். வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது மட்டும் அலுவல் பயணத்தில் சேராது. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளத்தில் அடக்கிவிட்டால் நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடுபவருக்கும் 120 கிலோமீட்டர் ஓடுபவருக்கும் ஒரே தொகைதான். அதிகம் உழைப்பவரே அதிகம் இழப்பார்.

அப்படியானால் ரேட்டை எப்படி வைப்பது? மாநிலப் போக்குவரத்துத் துறை கட்டணம் நிர்ணயிக்காத இடங்களில், சொந்த ஸ்கூட்டரில் அலுவல் பயணம் போகும் தன் ஊழியருக்குக் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று மத்திய அரசு 2017-ல் உத்தரவிட்டது. ஆட்டோவுக்கும் அதே தொகைதான். தனியார் நிறுவனங்கள் அந்த அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த உத்தரவின் இன்னொரு வரியைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்: அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இந்த ரேட் தானாகவே 25 சதவீதம் ஏற வேண்டும். யாரும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கு மைலுக்கு 24 பென்ஸ் வரை வரியில்லாமல் தரலாம். நிறுவனம் குறைவாகக் கொடுத்தால் மீதிக்கு ஊழியர் வரிச்சலுகை கோரலாம். தேய்மானத்தையும் சேர்த்து நினைக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் 2002-ல் வைத்த அந்த 24 பென்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையவே இல்லை. தானாக ஏறும் விதி இல்லாவிட்டால் நல்ல ரேட்டும் நாளடைவில் மோசமான ரேட்டாகிவிடும்.

மின்சார ஸ்கூட்டர்கள் பெருகும் இந்தக் காலத்தில் இது இன்னும் அவசரமாகிறது. அவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 50 பைசா மின்சாரம்கூடச் செலவாகாது. எரிபொருளை மட்டும் பார்க்கும் நிறுவனம், ‘மின்சார வண்டிக்கு எதற்குப் படி?’ என்று கேட்கத் தொடங்கும். அந்த வண்டியின் பெரிய செலவு பேட்டரியில் இருக்கிறது. ஓட ஓட அதன் ஆயுள் குறைகிறது. இன்றே முழுச் செலவையும் கணக்கில் எடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தாவிட்டால் நாளைக்கு இந்தச் சுமை கூடத்தான் செய்யும்.

சிறு நிறுவனங்களுக்கு இது பாரம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாரம் இப்போதும் இருக்கிறது. அதை 20,000 ரூபாய் சம்பளக்காரர் சுமக்கிறார். வாடகையையும் மின்கட்டணத்தையும் விலையில் சேர்த்துக் கணக்கிடும் தொழில், வண்டிச் செலவையும் அப்படியே சேர்க்கலாம். முடியாவிட்டால் கம்பெனி வண்டியைக் கொடுக்கலாம். ஊழியர்களும் ஒரு நோட்டில் பெட்ரோல், ஆயில், டயர், சர்வீஸ் செலவுகளை ஓராண்டு எழுதி, ஓடிய தூரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். நான்கு பேர் எழுதிய அப்படிப்பட்ட கணக்கை மேஜையில் வைத்துப் பேசினால் அதைக் கெஞ்சல் என்று யாரும் தள்ள முடியாது. வேலையில் சேரும்போதே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் அதே குரலில், கிலோமீட்டருக்கு எவ்வளவு, எப்போது ஏறும் என்றும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.