மாத்திரையின் அளவும் மாறாத களைப்பும்

வீட்டிலே ஒருவர் ஓயாது களைப்பென்று கூறினால், அதற்குச் சோம்பலென்று பெயரிட்டுவிடுதல் நம்மவரின் பழைய வழக்கம். அப்பெயரைச் சுமப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்மணியே. உடல் பருத்து, குரல் தடித்து, தலைமயிர் உதிர்ந்து, சித்திரை வெயிலிலும் குளிர்கின்றதென்று போர்வை தேடுவாராயின், கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைரொயிட் சுரப்பி சோர்ந்திருத்தல் கூடும். இதனை இரத்தப் பரிசோதனையாற் கண்டுகொள்ளுதல் இன்று எளிது. இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்குகின்றது. மாத்திரை எவ்வளவு உண்பது? உண்ட பின்னும் களைப்பு நீங்காவிடின் யாது செய்வது?

1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே என்னும் வைத்தியர், இந்நோயால் நலிந்திருந்த 46 வயது மாதொருவருக்குச் செம்மறியாட்டின் தைரொயிட் சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் ஏற்றினார். சில மாதங்களில் அம்மாதின் முகவீக்கம் வடிந்தது. பேச்சும் நடையும் விரைவுற்றன. தொடர்ந்து மருந்துண்டு 74 வயதுவரை வாழ்ந்தார். இன்றைய மாத்திரையில் ஆட்டின் சாறு இல்லை. 1927இல் ஹாரிங்டன், பார்ஜர் என்னும் இருவர் தைரொக்சினை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். அவ்வழி வந்ததே லெவோதைரொக்சின்.

இதனை மைக்கிரோகிராமில் அளப்பர். ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு அது. சுரப்பி முற்றாகச் செயலிழந்தவருக்கு, நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 மைக்கிரோகிராம் அளவில் வேண்டும். 60 கிலோ நிறையுடையவருக்கு ஏறக்குறைய 100. முதியோருக்கும் இருதய நோயாளருக்கும் 25 அல்லது அதனினும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர்.

பரிசோதனைத் தாளில் வரும் ‘ரி.எஸ்.எச்.’ என்னும் எண் பலரை மயங்கவைக்கின்றது. எண் கூடினால் சுரப்பி மிகையாகச் சுரக்கின்றதென எண்ணுவோர் பலர். உண்மை நேர்மாறானது. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி தைரொயிட்டை ஏவும் குரலே ரி.எஸ்.எச். வகுப்பிலே மாணவன் தூங்கினால் ஆசிரியரின் குரல் உயர்வதுபோல, தைரொயிட் சோர்ந்தால் இவ்வெண் உயரும். (இவ்வுவமை நம் தொழிலிலிருந்து வந்தது, வாசகர் பொறுப்பாராக.) ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை வழமையான அளவு என்பர்.

உடலிற் சேர்ந்த தைரொக்சினிற் பாதி கழிவதற்கே ஏறக்குறைய 7 நாட்கள் செல்லும். ஆதலின் புதிய அளவு உடலில் நிலைகொள்ள ஐந்தாறு வாரங்களாகும். அளவை மாற்றியபின் ஆறு தொடக்கம் எட்டு வாரங்கள் கழித்தே மீண்டும் இரத்தம் சோதிப்பதன் காரணம் இதுவே. பத்தாம் நாளிலே ‘குணமில்லை’ என்று தாமாகவே அரை மாத்திரை கூட்டிக்கொள்வோர், முன்னைய மாற்றத்தின் பயனை அறியுமுன்னரே அடுத்த மாற்றத்தைச் செய்துவிடுகின்றனர்.

நாமறிந்த ஆசிரியை ஒருவர் 75 மைக்கிரோகிராம் உண்டு சுகமாக இருந்தார். இரத்தச்சோகை கண்டு, அவருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டது. இரண்டையும் விடியற்காலைத் தேநீருடன் ஒன்றாகவே விழுங்கிவந்தார். களைப்பு மீண்டது, ரி.எஸ்.எச். உயர்ந்தது, மருந்து 100 ஆகிப் பின் 125 ஆயிற்று. ஒருநாள் மருந்துக்கடை இளைஞர் ஒருவர், “அம்மா, இரண்டையும் எப்படிக் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டபோதே உண்மை வெளிப்பட்டது. இரும்புச்சத்து தைரொக்சினைக் குடலிலே பற்றி, உடலிற் சேராது தடுத்துவிடும். உடனே இரவுக்கு இரும்பும் காலைக்குத் தைரொக்சினுமாகப் பிரித்தார். 125 என்ற அளவைக் குறைக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. சில வாரங்களில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, உறக்கம் போயிற்று. சுற்றத்தார் கண்ணூறு என்று நூல் கட்டினர். பரிசோதனையோ மருந்து மிகையென்றது. மீண்டும் 75க்கு இறங்கிய பின்னரே அமைதி வந்தது. மிகையான மருந்து நெடுநாள் நீடித்தால் இருதயத் துடிப்பு ஒழுங்கு கெடும், எலும்பும் நலியும்.

மாத்திரையை வெறுவயிற்றில் நீருடன் உண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே தேநீரோ காலையுணவோ கொள்ளல் நன்று. இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கும் இதற்குமிடையே நான்கு மணிநேரம் வேண்டும். கருவுற்ற பெண்களுக்குத் தொடக்க வாரங்களிலேயே மருந்துத் தேவை உயர்வதால், அச்செய்தியை வைத்தியருக்கு உடனே அறிவித்தல் அவசியம். சிசுவின் மூளை வளர்ச்சி அதிலே தங்கியுள்ளது.

இனி, எண் சீரான பின்னும் சோர்வும் மறதியும் உடல்நோவும் நீங்காதவர் உளர். “எல்லாம் சரியாக இருக்கின்றது” என்று அவரைத் திருப்பியனுப்புதல் நீதியன்று. மாத்திரையை மேலும் உயர்த்துதலும் பரிகாரமாகாது. வேறொரு காரணத்தைத் தேடவேண்டும். இரத்தச்சோகை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், மாதவிடாய் நிற்குங்கால மாற்றங்கள், மனச்சோர்வு ஆகியன யாவும் இதே வேடத்தில் வரும். சைவ போசனக் குடும்பங்கள் பி12 உயிர்ச்சத்தை மறத்தலாகாது. அது தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. மேலும், தைரொயிட்டை உடலின் காப்புப்படையே தாக்கும் ஹஷிமொட்டோ நோயுடையோரிற் சிலருக்கு, வயிறும் பி12ஐ ஏற்கும் ஆற்றலை இழப்பதுண்டு.

தலைமயிர் வளர்வதற்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகளை உண்போர், அதனையும் வைத்தியரிடம் கூறுக. அது உடலைக் கெடுக்காவிடினும் பரிசோதனை எண்களைப் பிறழச் செய்யும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரேனும் அதனை நிறுத்திவிடல் வேண்டும்.