இயற்கை என்னும் பெயரும் மருந்தின் அளவும்

இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்துள்ளது எனப் பரிசோதனை அறிக்கை கூறியதும், மாத்திரையின்றி இயற்கையாகக் குறைக்க வழியுண்டா என வினவுவோர் பலர். இயற்கையானது தீங்கற்றது, மருந்துக்கு மாறானது என்னும் நம்பிக்கை இவ்வினாவில் பொதிந்துள்ளது. இந்நம்பிக்கை எத்துணை பொருந்தும் என்பதைச் சிவப்பு ஈஸ்ட் அரிசியைக் கொண்டு நாம் ஆராய்வோம்.

இது நம் வயல்களில் விளையும் சிவப்பரிசி அன்று; அரிசியில் மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சையை வளர்த்துப் பெறப்படுவது. சீனர்கள் இதனை உணவுக்கு நிறமூட்டவும் மருந்தாகவும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். 1979ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து மொனாக்கோலின் கே என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாகத் துணைநிற்கும் நொதியை அது தடுக்கிறது. 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லோவாஸ்டாட்டின் மாத்திரையில் உள்ளதும் இதே மூலக்கூறுதான். மாத்திரைக்கு அஞ்சி இவ்வரிசியை நாடுவோர், அம்மருந்தையே வேறு பெயரில் உட்கொள்கின்றனர். தசைவலி, கல்லீரல் பாதிப்பு முதலியனவும் உடன்வரக்கூடும்.

வேறுபாடு அளவில்தான் உள்ளது. அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்ட 28 தயாரிப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், இரண்டில் மொனாக்கோலின் கே அறவே இல்லை. ஏனையவற்றில் அதன் அளவு 60 மடங்குக்கு மேல் வேறுபட்டது. 2024இல் ஜப்பானில் இவ்வரிசியாலான துணையுணவை உண்ட பலர் சிறுநீரக நோய்க்கு ஆளாயினர். உற்பத்தியிடத்தில் கலந்த நீலப்பூஞ்சை தோற்றுவித்த பியூபெருலிக் அமிலமே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

மருந்தின் பயன் என்றும் ஒரே சீராக வெளிப்படுதல் வேண்டும், அது மனித உடலில் சோதிக்கப்படுதல் வேண்டும் என இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில் விதித்துள்ளார். துணையுணவுகள் இவ்வுரைகல்லில் நிற்கின்றனவா? 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மீனெண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறும் 28 நாள்கள் தனித்தனியே வெவ்வேறு குழுவினருக்குத் தரப்பட்டன. இவற்றுள் ஒன்றும் வெற்று மாத்திரையினும் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்த பயன் தரவில்லை. குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டின் உண்டோருக்கோ தீய கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 38 விழுக்காடு குறைந்தது.

இயற்கையில் பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. ஓட்ஸ், பார்லி ஆகியவற்றின் பீட்டா குளுக்கான் நாளொன்றுக்கு 3 கிராம் சேர்ந்தால் கொலஸ்ட்ரால் ஓரளவு குறையும். இசப்கோல் உமியும் அத்தகையதே. இந்நார்ப்பொருள்கள் குடலில் பித்த அமிலங்களைப் பற்றி வெளியேற்றுகின்றன. புதிய பித்தத்தை உருவாக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை ஈர்த்துக்கொள்கிறது. இதன் பயன் சிறிதே, எனினும் நம்பத்தக்கது.

எனவே, மாரடைப்புக்கு ஆளானோர் துணையுணவை நம்பி மாத்திரையைக் கைவிடுதல் உயிருக்கே கேடாகலாம். உண்ணும் துணையுணவு எதுவாயினும் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுவதே அறிவுடைமை. இயற்கை என்னும் பெயர், மருந்தின் அளவையும் தூய்மையையும் நமக்கு உறுதி செய்வதில்லை.