மைண்ட்ஃபுல்னெஸ்: எக்ஸாம் நேரத்துல நிஜமாவே உதவுமா?

செமஸ்டர் நெருங்கினாலே காலேஜ்ல ஒரு மைண்ட்ஃபுல்னெஸ் செஷன் வெச்சிடறாங்க. அது எவ்வளவு தூரம் உதவும்? இந்த எபிசோட்ல அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல, மைண்ட்ஃபுல்னெஸ்னா மனசைக் காலியாக்குறது இல்லை. இந்த நிமிஷம் நடக்கிறதை, நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாம கவனிக்கிறது. பௌத்தத் தியானத்திலிருந்து வந்த இந்த முறையை, 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்கான பயிற்சியாக மாத்தினார்.

மாணவர்களுக்கு? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2017-ல் வெளியானது. 8 வாரப் பயிற்சி எடுத்தவங்களுக்கு, எடுக்காதவங்களை விட எக்ஸாம் நேரத்து மன அழுத்தம் குறைவா இருந்தது.

ஆனா 2022-ல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வு வேற மாதிரி சொல்லுது. 85 பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். வகுப்பிலேயே மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் நடத்தினாங்க. பிள்ளைகளோட மனநலத்துக்கு, வழக்கமான பாடத்தை விட இது மேல்னு தெரியலை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுல பயிற்சியே பண்ணலை.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ஒண்ணு புரியும். கேம்பிரிட்ஜ்ல சேர்ந்தவங்க தாங்களா விரும்பி வந்தவங்க. பள்ளியில அது டைம்டேபிள்ல வந்த இன்னொரு பீரியட். ஆக, ஆடிட்டோரியத்துல எல்லாரையும் ஒரு மணி நேரம் உட்கார வெச்சா போதும்னு நினைக்க முடியாது.

முயற்சி பண்ணிப் பார்க்க ஆசையா? தினமும் 5 நிமிஷம் ஒதுக்குங்க. மூச்சு உள்ளே போறதையும் வெளியே வர்றதையும் கவனிங்க. மனசு அரியர் பக்கம் ஓடும். ஓடட்டும். ஓடினது தெரிஞ்சதும் திட்டாம திரும்ப மூச்சுக்குக் கூட்டிட்டு வாங்க. அப்படிக் கூட்டிட்டு வர்றதுதான் பயிற்சியே. கண்ணை மூடினா பதற்றம் கூடுதா? கண்ணைத் திறந்து, தரையில பாதம் படுறதைக் கவனிங்க. அப்பவும் சரியா இல்லைன்னா விட்டுடுங்க. எல்லாருக்கும் இது ஒத்துக்காது.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லணும். ஃபீஸ் பாக்கி, ஹாஸ்டல் ராகிங், விடிய விடிய முழிப்பு இதையெல்லாம் மூச்சுப் பயிற்சி தீர்க்காது. தூக்கம், சாப்பாடு ரெண்டும் கெட்டு நாள் கணக்கா ஆகுதா, வாழவே பிடிக்கலைன்னு தோணுதா? தனியா உட்கார்ந்து தியானம் பண்ணிச் சமாளிக்கப் பார்க்காதீங்க. 14416, டெலி-மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். இப்பவே ஃபோன்ல சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. உங்களுக்கு இல்லைன்னாலும் ரூம்மேட்டுக்கு உதவும்.