கதிரறுப்பும் தெப்பமும்

மதுரைத் தெப்பத் திருவிழா என்றதும் தை மாதத்தில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் ஒளி வீசி மிதந்து வரும் தெப்பமே அன்பர்களின் நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய நாள், அன்னை மீனாட்சியும் சுந்தரேசுவரப் பெருமானும் சிந்தாமணிக்கு எழுந்தருளிக் கதிரறுப்பு உற்சவம் கண்டருள்கின்றனர். முதல் நாள் வயல், மறுநாள் குளம். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று என்றே கொள்ளத் தோன்றுகிறது.

ஏறத்தாழ பதினாறு ஏக்கர்ப் பரப்புள்ள இத்தெப்பக்குளத்தை 1645-இல் அமைத்தவர் திருமலை நாயக்கர். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே திருக்குளமாயிற்று என்பர். அப்படி அகழ்ந்தபோது கிடைத்தவரே திருக்கோயிலில் வீற்றிருக்கும் முக்குறுணி விநாயகர். (சதுர்த்தியன்று பதினெட்டுப் படி அரிசியில் அவருக்குப் படைக்கும் பெருங்கொழுக்கட்டையை அறியாதார் யார்!) வீடு கட்ட எடுத்த மண்ணின் இடத்தை வெறும் பள்ளமாக விடாமல், நீருக்கும் இறைவனுக்கும் உரியதாக்கினர் முன்னோர்.

ஆனால் குளம் இருந்தால் போதுமா? வைகை நீரைக் கொண்டுவரும் பனையூர்க் கால்வாய் தூர்ந்ததால் பல ஆண்டுகள் இக்குளம் வறண்டு கிடந்தது. சிறுவர்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினர். தெப்பமோ நீரின்றி நிலைத்தெப்பமாக நின்றது. முதியோர் பலர் அக்காட்சியைக் கண்டு மனம் வெதும்பியிருப்பர். அண்மை ஆண்டுகளில் கால்வாய் சீரமைக்கப்பட்ட பின்னரே குளம் மீண்டும் நிறைந்தது.

மாடக்குளம், தல்லாகுளம், செல்லூர், உலகனேரி என மதுரையைச் சுற்றியுள்ள பெயர்களில் நீர் ததும்புகிறது. ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும். வழியில் வயல்களுக்குப் பாயும். ஊர்க் கிணறுகளில் ஊறும். கோடையில் கண்மாயின் வண்டல் வயலுக்கு எருவாகும். பெருகிவரும் குடும்பங்களுக்கு வீடு வேண்டும். அதனைக் குறை கூறுதல் நியாயமன்று. எனினும் நீர்வழியில் கட்டிய வீட்டை நீர் தேடி வரவே செய்யும். 2024 அக்டோபரில் கொட்டிய பெருமழையில் செல்லூர்ப் பகுதி மக்கள் இல்லங்களில் வெள்ளம் புகுந்து அல்லலுற்றதை மதுரை மறந்திராது.

வைகைக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகக் கூடை சுமந்தவர் சொக்கநாதரே. பிட்டின் இனிமையையும் பிரம்படியையும் சொல்லி மகிழும் நாம், அங்கே நடந்த வேலை கரை காக்கும் வேலை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கூலியாளாக வந்தும் பெருமான் தேர்ந்த பணி அதுவே. பின்னாளில் குடிமராமத்து என ஊர்தோறும் கண்மாய்களைக் காத்து வந்த முறையும் அந்த ஆணையின் சாயல்தான்.

சிந்தாமணியைச் சுற்றி இன்று வீட்டுமனைகள் நெருங்கிவிட்டன. ஆயினும் ஆண்டுதோறும் தையில் அம்மையும் அப்பனும் கதிரறுப்புக்கு அங்கே எழுந்தருள்கின்றனர். மறுநாள் தெப்பக்குளத்தில் அன்பர்கள் கரையில் நின்று வடம் பிடிக்க, மைய மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் வலம் வருகிறது.