பதினெட்டாயிரம் படுக்கைகள், எத்தனை வீடுகள்?



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள வல்லம் வடகால் கிராமத்தின் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் சபையைச் சேர்ந்த பெண்பிள்ளை ஒருத்தி அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கவும் கூடும். அங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி, பெண் தொழிலாளர்களுக்கென்று ஒரு பெரிய குடியிருப்பைத் தமிழக முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். பாக்ஸ்கான் நிறுவனத் தலைவர் திரு. யங் லியுவும் உடனிருந்தார். 20 ஏக்கர் நிலத்தில் 13 அடுக்குமாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர், ஆக மொத்தம் 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். கணக்குப் பார்த்தால் படுக்கை ஒன்றுக்கு ஏறத்தாழ 3,77,000 ரூபாய் ஆகிறது.

இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்பவர்கள் 2021 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். பூந்தமல்லி அருகே அந்நிறுவனத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது பொய். ஆனாலும் உண்மையை விசாரித்து அறிய விடுதிப் பெண்களுக்கு நம்பகமான வழி இருக்கவில்லை. டிசம்பர் 17ஆம் தேதி இரவு அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. 2022 ஜனவரியில்தான் வேலை மீண்டும் தொடங்கியது.

கெட்ட உணவு ஒரு பாதி. குறை சொல்ல இடமில்லாமல் போனது மறு பாதி. கட்டடத்தால் முதல் பாதியைச் சரிசெய்யலாம்: நல்ல சமையற்கூடம், போதிய குழாய், காற்றோட்டம். மறு பாதியைச் சரிசெய்ய ஒருவரை ஒருவர் அறிந்த அண்டை வீட்டார் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் தங்கிப்போகிற இடத்தில் அண்டை வீட்டாரை எப்படி உண்டாக்குவது?

முதலில் கட்டும் முறையைப் பார்ப்போம். ஒரே அளவான அறையைத் திரும்பத் திரும்ப வார்த்தோ, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தியோ கட்டினால் வேலை விரைவாக முடியும், பொருள் வீணாவதும் குறையும். 2020 ஊரடங்கில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பிய துயரத்துக்குப் பின், மத்திய அரசு வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதன்படி புதிய கட்டுமான முறையில் எழும் தொழிலாளர் விடுதிகளுக்குப் படுக்கைக்கு 20,000 ரூபாய் மானியம். வல்லம் வடகாலுக்கு அவ்வாறு 37 கோடியே 44 லட்சம் ரூபாய் கிடைத்தது.

ஆனால் அச்சில் வார்த்த அறைக்கு ஓர் ஆபத்து உண்டு: ஒரு பிழை இருந்தால் அது 240 முறை பிழையாகும். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில் வரிசை வரிசையாய் எழுந்த தற்காலிகக் கொட்டகைகள் பலருக்கு நினைவிருக்கும். தார் பூசிய தகடுகளால் ஆன அவை பகலில் அடுப்பாய்க் கொதித்தன. சில மாதங்களுக்கென்று கட்டியவற்றில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தற்காலிகம் என்ற சொல்லை நம்பி எதையும் மட்டமாகக் கட்டக்கூடாது என்பது நமக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வேலைபார்க்கும் சிங்கப்பூரிலும் இந்தப் பாடம் வந்தது. 2020இல் அங்கே கொரோனா கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழிலாளர் விடுதிவாசிகள். உடனே அவ்வரசு, பொருத்திக் கட்டும் முறையில் விரைவு விடுதிகளை எழுப்பியது. அவற்றில் அறைக்கு அதிகம் 10 பேர், ஆளுக்கு 6 சதுர மீட்டர், ஐந்து பேருக்கு ஒரு கழிப்பறை, அடுக்குக் கட்டில் கிடையாது என்று வரையறுத்தார்கள். 2021இல் புதிய விடுதிகளுக்கு நிரந்தர விதியாக அறைக்கு 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் என்றார்கள். அவசரத்தில் தந்த இடம் அமைதிக் காலத்தில் சுருங்கியதைக் கவனியுங்கள்!

அளவு சரியானபின் ஆட்களைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரே அறையில் ஆறு பேரும் மூன்று வெவ்வேறு ஷிப்டில் போனால் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது, சேர்ந்து சாப்பிடவும் முடியாது. ஒரே ஷிப்டுக்காரர்களை ஒரே அறையில் சேர்ப்பதற்குச் சிமெண்டு தேவையில்லை. 1,440 பேர் கொண்ட கட்டடத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. நான்கு அறைகளுக்கு, அதாவது 24 பேருக்கு, ஒரு வராந்தா, துணி உலர்த்த ஒரு மூலை, வெந்நீர் வைக்க ஓர் அடுப்பு என்று பிரித்தால், ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவர்களுக்குத் தெரியும். காசநோயும் சொறி சிரங்கும் நெருக்கத்தில் பரவுவதை அறிந்தவர்கள், அவை சீக்கிரம் வெளியே தெரிவதும் இப்படிப்பட்ட சிறு வட்டத்தில்தான் என்பதையும் அறிவார்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே பழைய முன்மாதிரி உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையத்தை ஏற்படுத்தினார். தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை பெற்றவர்கள், ஊர் திரும்புமுன் அங்கே எளிய குடில்களில் சிறு சிறு குழுவாகத் தங்கித் தொழில் கற்றார்கள். வார்டின் நீண்ட வரிசைக்குப் பதில் ஒரு சிற்றூர்!

யார் கையில் சாவி என்பதும் முக்கியம். முதலாளியே நேரடியாக வீடு தருவது பொதுவாக விரும்பத்தக்கதன்று என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1961ஆம் ஆண்டுப் பரிந்துரையிலேயே கூறியது. வேலை போனால் படுக்கையும் போகும் என்றால் யார் வாய் திறப்பார்கள்? வல்லம் வடகாலில் கட்டியது அரசின் சிப்காட் நிறுவனம் என்பது நல்ல படி. என்றாலும் ஒரே நிறுவனத்தின் பணியாளருக்கான விடுதி என்பதால் அந்த முடிச்சு முழுதும் அவிழவில்லை.

தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே உங்கள் ஊர்ப் பெண்பிள்ளை வேலைக்குப் புறப்படும்போது, பெற்றோர் சம்பளத்தோடு இவற்றையும் விசாரிக்கட்டும்: விடுதிக்கு உரிமம் உண்டா? எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை? மெஸ் கமிட்டியில் தங்கியிருக்கும் பெண்கள் இருக்கிறார்களா? வேலை நின்றால் அறையை எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.