ஹோமோசிஸ்டீன் 24: பயப்படுவதற்கு முன் ஒரு கேள்வி

முழு உடல் பரிசோதனைக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். எட்டு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, கொழுப்பும் பரவாயில்லை. கடைசிப் பக்கத்தில்தான் வினை. ஹோமோசிஸ்டீன் 24, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, கீழே 'இதயநோய் அபாயம்' என்று ஒரு வரி. இரண்டு நாள் அவர் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அதே பரிசோதனைக்கூடத்திலிருந்து போன்: "இதற்கு மரபணு டெஸ்ட் ஒன்று இருக்கிறது சார், தள்ளுபடியில் போட்டுத் தருகிறோம்."

நாம் சாப்பிடும் முட்டை, மீன், பால், பருப்பு எல்லாவற்றிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உடல் அதைப் பயன்படுத்தும்போது இடையில் உண்டாவது ஹோமோசிஸ்டீன். அது ரத்தத்தில் தேங்கக்கூடாது. வைட்டமின் பி12-உம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்து அதைப் பழையபடி மெத்தியோனினாக மாற்றும்; பி6 வேறு வழியில் கழித்துக்கட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அளவு ஏறும். சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு மந்தமானாலும், புகை பிடித்தாலும் ஏறும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பு என்பது பொதுவான கணக்கு.

இதற்கும் ரத்தக்குழாய்க்கும் முடிச்சுப் போட்டவர் கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க நோய்க்கூறியல் மருத்துவர். பரம்பரைக் கோளாறால் ஹோமோசிஸ்டீன் மிதமிஞ்சிப் போன இரண்டு குழந்தைகளின் ரத்தக்குழாய்கள், வயதானவர்களுடையதுபோலத் தடித்துக் கிடந்ததைக் கண்டார். ஒன்று எட்டு வயதுச் சிறுவன், 1933-இல் பக்கவாதத்தில் இறந்தவன். மற்றது இரண்டு மாதக் குழந்தை. இரண்டுக்கும் கோளாறு வேறு வேறு. பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன் மட்டுமே. 1969-இல் இதை எழுதினார். எல்லோரும் கொலஸ்ட்ரால் பின்னால் ஓடிய காலம் அது. யாரும் காதுகொடுக்கவில்லை, ஹார்வர்டில் இருந்த வேலையும் போனது. தொண்ணூறுகளில்தான், ஹோமோசிஸ்டீன் கூடியவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதல் என்று ஆய்வுகள் வரிசையாக வந்தன.

அப்படியானால் வைட்டமின் கொடுத்து அதை இறக்கிவிட்டால் மாரடைப்பு குறையுமா? 2006-இல் வெளியான ஹோப்-2 ஆய்வில், இதயநோயோ சர்க்கரையோ உள்ள 5,522 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து வருடம் இந்த மூன்று வைட்டமின்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பும் இதயநோய்ச் சாவும் குறையவில்லை. அதே ஆண்டு நார்வேயில் நடந்த ஆய்வின் முடிவும் ஏமாற்றம்தான். கோயில் மணி அடித்தால் தீபாராதனை நடக்கிறது என்று தெரியும். மணிநாக்கைப் பிடித்துக்கொண்டால் தீபாராதனை நின்றுவிடாது. பக்கவாதம் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. ரத்த அழுத்தம் உள்ள 20,000-க்கும் மேற்பட்ட சீனர்களிடம் செய்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் சேர்த்தவர்களுக்குப் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

ஆகவே எல்லோரும் எடுக்கவேண்டிய டெஸ்ட் இல்லை இது. ஆனால் கூடியிருந்தால் தூக்கிப் போடவும் கூடாது. நம் ஊரில் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒளிந்திருப்பது பி12 குறைவு. சைவ உணவுக்காரர்கள், மெட்ஃபார்மினையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள், முதியவர்கள் இதில் முன்வரிசை. கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, மறதி, சோகை எல்லாம் பி12 குறைவின் அடையாளமாக இருக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் மருந்துக்கடையில் வாங்கி விழுங்காதீர்கள். சோகை சரியானதுபோலத் தெரியும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்துவதும் வேண்டாம். அளவு 100-ஐத் தாண்டினால் கதை வேறு. அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். கண்லென்ஸ் நழுவும், இளவயதிலேயே ரத்தம் உறையும். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு வைத்தியம் உயிர்காக்கும்.

ரிப்போர்ட்டில் வந்த எண்ணே சரியா என்றும் பார்க்கவேண்டும். எடுத்த ரத்தத்தை வெளியே வைத்துவிட்டால் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனைக் கசியவிட்டு அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். ஐஸில் வைத்துச் சீக்கிரம் சிவப்பணுக்களைப் பிரிக்கவேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவர், இன்னும் பத்து வீடு சுற்றிவிட்டுப் போனாரா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மறுபடி பாருங்கள்.

அந்த மரபணு டெஸ்ட்? எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவில் அது தேடும் மாற்றம் மக்களிடம் வெகு சாதாரணம். முடிவு எதுவானாலும் வைத்தியம் மாறாது என்பதால், வழக்கமாக அதைப் பார்க்கவேண்டாம் என்றே மரபியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 'இந்த டெஸ்ட் எதற்கு, முடிவு எப்படி வந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளி உரிமைப் பட்டயத்தில் விவரம் அறிவதும், வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும், டெஸ்டை விரும்பிய இடத்தில் எடுப்பதும் இடம்பெற்றிருக்கின்றன. டெஸ்டுக்கு அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி குற்றம். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். காசு கொடுத்துப் பெற்ற சேவையில் குறை இருந்தால் 1915-க்கு அழைத்து வழி கேளுங்கள், அல்லது இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

நண்பருக்குக் குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுத்தது ஒரு பி12 டெஸ்ட். அளவு அடிமட்டத்தில் இருந்தது, ஊசி போட்டுக்கொள்கிறார். மரபணு டெஸ்டுக்காரர்கள் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்கள்.