அட்டவணை நிரம்பிய நாள்

தனித்தனி வலைப்பின்னல்கள் தத்தம் வசமுள்ள முகவரிகளை அண்டை வலைப்பின்னல்களுக்கு அறிவிக்க, அந்த அறிவிப்புகள் கைமாறிக் கைமாறி உலகெங்கும் பரவுகின்ற பிஜிபி என்னும் ஏற்பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். 1989 ஜனவரியில், டெக்ஸஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின் போஜன வேளையில், சிஸ்கோவைச் சேர்ந்த கர்க் லாகீடும் ஐபிஎம்மைச் சேர்ந்த யாகோவ் ரெக்டரும் காகிதக் கைத்துண்டுகளில் கிறுக்கிப் பார்த்த அந்த ஏற்பாட்டிலே ஒரு விசித்திரமான தாராளம் உண்டு. ஒவ்வோர் அறிவிப்பும், தரவுப் பொட்டலங்களை வழியனுப்பும் ரவுட்டர் என்னும் யந்திரத்தின் அட்டவணையில் ஒரு வரியாக ஏறும். புதிதாக ஒரு வரியை அறிவிக்கிறவன் அதற்காக ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் முழு அட்டவணையையும் சுமக்கின்ற ரவுட்டர் ஒவ்வொன்றும், அது எந்தத் தேசத்தில் எவருடைய பணத்தில் வாங்கப்பட்டதாயினும், அந்த வரிக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

2014 ஆகஸ்டு 12-ஆம் தேதி அந்த இடம் பல ரவுட்டர்களில் தீர்ந்துபோயிற்று. அமெரிக்காவின் வெரைஸன் வலைப்பின்னலிலிருந்து, வழக்கமாக வெளியே தெரியவேண்டாத சிறு சிறு முகவரித் தொகுதிகள் சுமார் 15,000 திடீரென்று உலகுக்கு அறிவிக்கப்பட்டன. சில நிமிஷங்களில் அவை திரும்பப் பெறப்பட்டன என்பது உண்மையே. எனினும், ஏற்கெனவே ஐந்து லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்த அட்டவணை, அந்தச் சில நிமிஷங்களுக்குள் 512 கே என்னும் எல்லையை, அதாவது 5,24,288 வரிகளை, பல இடங்களில் தாண்டிவிட்டது. சிஸ்கோவின் பழைய 6500, 7600 வரிசை ரவுட்டர்கள் பலவற்றுக்கு அதுவே உச்சவரம்பு. அன்று இணையத்தின் பல பகுதிகள் தடுமாறின. சில தளங்கள் எட்டாமலே போயின.

அரை மில்லியன் வரிகள் என்பது நம் மேஜைக் கணினிக்கு ஒரு பொருட்டே அல்லவே, ரவுட்டருக்கு மட்டும் ஏன் இந்தச் சங்கடம் என்று வாசகர் வினவலாம். நியாயமான வினா. கணினிக்குத் தேடிப் பார்க்க அவகாசம் உண்டு. வினாடிக்குக் கோடிக்கணக்கான பொட்டலங்களை வழியனுப்புகின்ற ரவுட்டருக்கு அந்த அவகாசம் கிடையாது. மேலும் அதன் தேடல் சாதாரணத் தேடலும் அன்று. தபால் பிரிக்கிறவர், ஒரு ஜில்லாவுக்கென்று ஒரு பையும் அந்த ஜில்லாவிலுள்ள ஒரே ஒரு கிராமத்துக்கென்று தனிப் பையும் இருக்குமானால், அக்கிராமத்துக் கடிதத்தைத் தனிப் பையிலேதான் போடுவார் அல்லவா? அவ்விதமே ரவுட்டரும், ஒரு முகவரிக்குப் பல வரிகள் பொருந்தினாலும், அவற்றுள் மிகக் குறுகிய பரப்பைச் சுட்டும் வரியையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்காக டீகேம் என்று ஒரு விசேஷ நினைவகத்தை வைத்திருக்கிறார்கள். இதன் ஒவ்வொரு சிற்றறையும் பூஜ்யம், ஒன்று என்ற இரண்டு மதிப்புகளோடு, எதுவானாலும் சரி என்ற மூன்றாவது நிலையையும் ஏற்கும். முகவரியைக் கொடுத்த மாத்திரத்தில் அத்தனை வரிகளையும் ஏககாலத்தில் ஒப்பிட்டு விடை சொல்லிவிடும். அதற்கு விலை அதிகம், மின்சாரச் செலவு அதிகம், உஷ்ணமும் அதிகம். ஆகையால் அதை அளந்துதான் வைப்பார்கள். அது நிரம்பிவிட்டால் மிச்ச வரிகளுக்குரிய பொட்டலங்கள் பொதுச் செயலியின் தலையில் விழும். நிர்வாகக் காரியங்களுக்காக மட்டும் வைக்கப்பட்ட அந்தச் சிறு செயலி, வெள்ளத்தில் அகப்பட்டு மூச்சுத் திணறும்.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது, அந்தச் சிஸ்கோ யந்திரத்தில் உண்மையில் இடம் இருந்தது என்பதுதான். பெரிய டீகேம் பொருத்திய ரகத்தில் மொத்தம் 1,024 கே இடங்கள் உண்டு. சரிபாதியான 512 கே, பழைய முகவரி முறையான ஐபிவி4 வரிகளுக்கு என்றும், மறுபாதி, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு இடங்களை அடைத்துக்கொள்ளும் புதிய முறையான ஐபிவி6 வரிகள் முதலானவற்றுக்கு என்றும், தொழிற்சாலையிலேயே பிரித்து வைத்திருந்தார்கள். 2014-இல் அந்த மறுபாதி பெரும்பாலும் காலி. பங்கை மாற்றியமைக்க ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அது அமலுக்கு வர ரவுட்டரை அணைத்து மீண்டும் கிளப்ப வேண்டும். எல்லை நெருங்குகிறதென்று சிஸ்கோ மே மாதமே பகிரங்கமாக எச்சரித்திருந்தது; யந்திரமோ, 95 சதவீதம் நிரம்பியதுமே அதைத் தன் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவிடும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரின் போக்குவரத்தை நடு இரவில் நிறுத்தி வைக்கத் துணியாத நிர்வாகிகள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டதை நான் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குறிப்பேட்டைப் படிக்காமலே இருந்தவர்களைப் பற்றி அவ்வளவு தயவாக எழுத முடியவில்லை.

அட்டவணை ஏன் இப்படிப் பருக்கிறது? 65,536 முகவரிகள் உடைய ஒரு தொகுதியை ஒரே வரியாகவும் அறிவிக்கலாம்; 256 முகவரிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கி 256 வரிகளாகவும் அறிவிக்கலாம். நறுக்குவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஒரு வழி அறுந்தால் மற்றொரு வழி வேண்டும் என்பது ஒன்று. போக்குவரத்தைப் பகிர்ந்து அனுப்புவது மற்றொன்று. தற்காப்பும் உண்டு: 2008 பிப்ரவரியில், யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே வரியாக அறிவித்திருக்க, பாகிஸ்தான் டெலிகாம் அவற்றுள் 256-ஐ மட்டும் தனி வரியாக அறிவித்துவிட, குறுகிய வரியே வெல்லும் என்ற விதிப்படி உலகத்துப் பார்வையாளர் பலர் அந்தப் பக்கம் இழுக்கப்பட்டனர், யூடியூபும் தன் தொகுதியை அதைவிடச் சிறிதாக நறுக்கித்தான் மீண்டது. 1993-இல் முகவரிகளைத் தொகுத்து அறிவிக்க ஸைடர் முறை வந்தது. அதற்குப் பின்னும், அட்டவணையில் ஏறக்குறையப் பாதி வரிகள், ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட பெரிய தொகுதிகளின் துண்டுகளே. ஆதாயம் நறுக்குகிறவனுக்கு, பாரம் ஊராருக்கு என்றிருக்கும்போது எவன் கத்தியைக் கீழே வைப்பான்?

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு பலர் பங்கை மாற்றி ஐபிவி4-க்கு 768 கே ஒதுக்கினார்கள். 2019-இல் அந்த எல்லையும் வந்தது. முன்னனுபவத்தால் பெரிய கலவரமின்றிக் கடந்தது. ஆயினும் 768 கே போக மிஞ்சுவது 256 கே இடம்; ஐபிவி6 வரிக்கு இரண்டு இடம் வீதம் அதில் 128 கே வரிகளே அடங்கும். இன்று ஐபிவி4 வரிகள் ஒன்பது லட்சத்தையும் ஐபிவி6 வரிகள் இரண்டு லட்சத்தையும் கடந்துவிட்டன. பங்கை எப்படி மாற்றிப் பிரித்தாலும் அந்தப் பழைய யந்திரத்தில் இரண்டு அட்டவணைகளையும் முழுமையாக வைக்க வழியில்லை.